பழைய புளூஸ் தட்டைக் கேட்டுப் புதுப் பாட்டு எழுதுவது எப்படி

பாட்டு எழுதக் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் நோட்டும் பேனாவுமாகத்தான் வந்து உட்காருவார்கள். நான் நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போடுவேன். அமெரிக்க இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1914இல் எழுதி வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்'. புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. நான் போடுவது 1925 ஜனவரி 14 அன்று நியூயார்க்கில் எடுத்த பதிவு. பாடுவது பெஸ்ஸி ஸ்மித். கார்னெட், அதாவது டிரம்பெட்டின் சின்னத் தம்பி, அதை ஊதுவது லூயி ஆம்ஸ்ட்ராங். அப்போது அவருக்கு 23 வயது. மூன்றாவது ஆள் ஃபிரெட் லாங்ஷா. அவர் வாசிப்பது காலால் மிதிக்கிற ஆர்மோனியம், நம் நாடகக் கம்பெனிகளில் கால் ஆர்மோனியம் என்பார்களே, அந்த ஜாதி. ஆக மொத்தம் மூன்று பேர். டிரம் கிடையாது, கிடார் கிடையாது. பாட்டு எழுதுவதில் எனக்குத் தெரிந்த விஷயத்தில் முக்கால்வாசி இந்த ஒரு இசைத்தட்டில் இருக்கிறது.

நான் ராயபுரம் பக்கம் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன். கல்யாண ஊர்வலம், மாதா தேர், ஆடி மாதக் கூழ் வார்த்தல், சாவு வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். நடுநடுவே கானா எழுதுவேன். இந்த அமெரிக்கத் தட்டுகளை எனக்குப் பழக்கியவர் பெரம்பூரில் டிரம்பெட் சொல்லிக்கொடுத்த ஆங்கிலோ இந்திய மாஸ்டர். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸுக்கு வாசித்த தலைமுறை. மூர் மார்க்கெட்டில் பொறுக்கிச் சேர்த்த தட்டுகளையெல்லாம் கேசட்டில் ஏற்றி வைத்திருந்தார். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. கேசட்டுகள் பிறகு பூஞ்சை பிடித்துப்போயின. இன்று அந்தப் பதிவுகள் எல்லாம் போனிலேயே கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'நேஷனல் ஜூக்பாக்ஸ்' என்று ஒரு தளமே வைத்திருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகள் குவிந்து கிடக்கின்றன.

எப்படிக் கேட்பது

ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பாட்டு போதும். முதல் சில நிமிடம் கரகரப்புதான் காதில் விழும், அது பழகிவிடும். முதல் தடவை குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. இரண்டாவது தடவை பெஸ்ஸியை விட்டுவிட்டு ஆம்ஸ்ட்ராங் எப்போது ஊதுகிறார், எப்போது சும்மா இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அப்புறம் அடியில் ஓடும் ஆர்மோனியத்தை.

இரண்டாவது தடவையில்தான் விஷயம் பிடிபடும். மாலைச் சூரியன் இறங்குவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று பெஸ்ஸி முதல் வரியைப் பாடி நிறுத்துகிறார். ஏறக்குறைய இரண்டு பார் (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்) அளவுக்கு வாயே திறப்பதில்லை. அந்த இடத்தில் கார்னெட் பேசுகிறது. சில சமயம் ஆமாம் போடுகிறது, சில சமயம் 'அட விடும்மா' என்கிறது. மறுபடி பெஸ்ஸி, மறுபடி கார்னெட். பாட்டு பாதி பாடுகிறவருடையது, பாதி பதில் சொல்கிறவருடையது. நம் ஆட்கள் எழுதும் பாட்டில் பெரும்பாலும் இந்தப் பாதி இருக்காது. வரிக்கு வரி வார்த்தையைத் திணித்து, தோலக்காரர் மூச்சுவிட இடம் தராமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள். கச்சேரியில் கேட்கும்போது முதல் சரணத்திலேயே களைப்பு வந்துவிடும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கூடவே வாசித்துப் பழகலாம் என்று ஆர்மோனியத்தை எடுத்தால் சுருதி சேராமல் போகலாம். 78 என்பது பெயருக்குத்தான். அந்தக் காலத்தில் தட்டு வெட்டும் இயந்திரங்கள் ஒரே வேகத்தில் சுற்றியதில்லை. அதனால் பாட்டு இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கேயாவது நிற்கும். போனில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் ஆப் ஒன்றைப் போட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். உங்கள் காது கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

பன்னிரண்டு பெட்டி

இப்போது நோட்டைத் திறக்கலாம். வார்த்தை இன்னும் வேண்டாம். ஒரு வரிசைக்கு நான்கு பெட்டி, மூன்று வரிசை, மொத்தம் 12 பெட்டி போடுங்கள். ஒரு பெட்டி ஒரு பார், அதாவது நான்கு அடி. ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு பெட்டியில் குறுக்குக் கோடு போடுங்கள், அது குரலுக்கு. மூன்றாவதில் குரல் கொஞ்சம் வழிந்து வரலாம். மிச்சம் காலி. அந்தக் காலி இடத்தில் யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று இப்போதே எழுதிவிடுங்கள்: டிரம்பெட், கோரஸ், தோலக், பேஞ்சோ, யாரோ ஒருவர். ஆளே இல்லையென்றால் தொடையில் தட்டும் உங்கள் கை.

ஒரு கட்டை சுருதி வைத்தால் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, இப்படிப் போகும். முதல் வரிசை நான்கு பெட்டியும் சி. இரண்டாவது வரிசையில் எஃப் இரண்டு, சி இரண்டு. மூன்றாவதில் ஜி ஒன்று, எஃப் ஒன்று, சி இரண்டு. சட்ஜமம், மத்தியமம், பஞ்சமம் என்ற மூன்று படியில் ஏறி இறங்குவதுதான். கீபோர்டு தெரியாதவர்கள்கூட ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

தாளம் நமக்கு இன்னும் சுலபம். புளூஸில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிந்து நடக்கும். கானா தோலக் பெரும்பாலும் திஸ்ர நடையில்தான் ஓடுகிறது. மேற்கத்திய சங்கீதம் படித்த பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் வியாசர்பாடிப் பையன் யோசிக்காமலே உட்கார்ந்துவிடுவான்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த 12 கணக்கு கூட்டமாக வாசிப்பவர்களுக்கு. தனியாகக் கிடாரோடு பாடியவர்கள் இதை அவ்வளவாக மதித்ததில்லை. 1926இல் பதிவுக்கு வந்த டெக்ஸாஸ்காரர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் பாடுவதை எண்ணிப் பாருங்கள். மூச்சு இருக்கும்வரை வரியை இழுப்பார், கிடாரில் ஏதாவது தோன்றினால் இரண்டு அடி கூடுதலாக வாசித்துவிட்டு வருவார். நீங்களும் தனியாகப் பாடினால் மூச்சுதான் கணக்கு. பக்கத்தில் தோலக்காரர் உட்கார்ந்துவிட்டால் எண்ணித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அடி விழும், தாளத்தில் மட்டும் இல்லை.

மூன்றாவது வரி

முதல் வரியைச் சொல்வது, அதையே திரும்பச் சொல்வது, மூன்றாவது வரியில் பதில் கொடுத்து முடிப்பது. புளூஸின் சரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு பையன் என்னிடம் கேட்டான், "அண்ணே, ஒரே வரிய ரெண்டு தடவ பாடினா வரி கெடைக்கலன்னு நெனைக்க மாட்டாங்களா?" தட்டையே மறுபடி போட்டுக் காட்டினேன். இரண்டாவது தடவை பாடும்போது அடியில் கார்டு மாறுகிறது, குரல் வேறு இடத்தில் அழுத்துகிறது, நடுவே கார்னெட் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. கேட்கிறவனும் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று காத்துக்கொண்டிருக்கிறான். அவனைக் காக்க வைக்கிற நேரம் அது.

எதை எழுதுவது என்பதற்கு ஹேண்டி தன் சுயசரிதையில் ஒரு சம்பவம் சொல்கிறார். 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தில் டட்வைலர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது, கந்தல் துணி போட்ட ஒரு கறுப்பின மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து கிடார் கம்பியில் கத்தியை அழுத்தித் தேய்த்து வாசித்தாராம். இரண்டு ரயில் பாதைகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும் ஓர் ஊருக்குப் போகிறேன் என்ற ஒரே வரியை மூன்று தடவை பாடினாராம். காதல் இல்லை, தத்துவம் இல்லை. தண்டவாளம் எங்கே வெட்டுகிறது என்ற தகவல். ஹேண்டிக்கு அது ஆயுசுக்கும் மறக்கவில்லை.

தண்டவாளத்துக்கு வடசென்னையில் பஞ்சமா என்ன? அந்தப் பையனிடம், தினமும் உன்னைக் கடுப்பேற்றும் இடத்தைச் சொல் என்றேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் என்றான். சரி, அதையே முதல் வரியாகப் போடு. எழுதினான்:

கொருக்குப்பேட்ட கேட்டு போட்டான், கூட்ஸு வண்டி போவுது
கொருக்குப்பேட்ட கேட்டு போட்டான், ஐயோ கூட்ஸு வண்டி போவுது
என் இதயம் துடிக்குதடி, உனக்காக ஏங்குது

முதல் இரண்டு வரியும் கொருக்குப்பேட்டையில் நிற்கின்றன. மூன்றாவது வரி திடீரென்று சினிமாவுக்குப் போய்விட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். "பொண்டாட்டிண்ணே. வேலையிலேர்ந்து வர்றா." இந்தப் பக்கம் நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? "கஞ்சி வச்சுட்டு ஒக்காந்திருக்கேன்." அவ்வளவுதான், வரி கிடைத்துவிட்டது:

கட்னவ அந்தாண்ட நிக்குறா, கஞ்சி இங்க ஆறுது

ஏங்குது என்று எழுதியபோது வராத ஏக்கம் இதில் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. மோனை தானாக விழுந்தது. 'போவுது'வுக்கு 'ஆறுது' இயைபாக உட்கார்ந்தது. மூன்றாவது வரி சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை சுலபமானது. முதல் வரியை மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் பாடுங்கள். அது வேறு எந்தப் பாட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும் என்றால் அடித்துவிடுங்கள்.

அதே சமயம் எல்லா வரியும் சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பழைய புளூஸ் பாடகர்கள் பொதுவில் புழங்கிய வரிகளைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். இவர் பாட்டின் முதல் வரி அவர் பாட்டில் நான்காவது சரணமாக வரும். கானாவிலும் அப்படித்தானே, சாவு வீட்டில் விடிய விடியப் பாடும்போது யார் எழுதியது என்று யார் கேட்கிறார்கள்? முதல் வரியைப் பொதுவிலிருந்து எடுங்கள். மூன்றாவது மட்டும் உங்கள் தெருவிலிருந்து வரட்டும்.

வெள்ளப் பாட்டு

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் எங்கள் பக்கம் நிறையப் பாட்டுகள் வந்தன. பாதிக்கு மேல் இயற்கையைப் பார்த்து 'ஏன் சீறினாய்' என்று கேட்கும் பாட்டுகள். எழுதியவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள்தான். ஆனால் பாட்டில் அந்தத் தண்ணீர் இல்லை. எண்ணூரில் வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு எண்ணெய் படிந்து கிடந்ததே, அது எந்தப் பாட்டில் வந்தது?

பெஸ்ஸி ஸ்மித் 1927 பிப்ரவரியில் 'பேக்வாட்டர் புளூஸ்' பதிவு செய்தார். அவரே எழுதியது, பியானோ ஜேம்ஸ் பி. ஜான்சன், இடது கையில் இடி உருட்டுவார். அதில் ஒரு பெண் தன் துணிமணியைக் கட்டுகிறாள், படகு வருகிறது, மூட்டையை அதில் போட்டுக்கொண்டு போகிறாள், பிறகு ஒரு மேட்டில் ஏறி நின்று தன் வீட்டைப் பார்க்கிறாள். வெள்ளம் ஏன் வந்தது, யார் குற்றம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதே வசந்தத்தில் மிசிசிப்பி ஆறு கரையுடைத்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, முன்பே பதிவான அந்தப் பாட்டை மக்கள் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு மூட்டையைச் சொன்னதால் எல்லோருடைய மூட்டையும் அதில் வந்துவிட்டது.

அதனால் வெள்ளப் பாட்டு எழுத வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தண்ணீர் உள்ளே வந்ததும் முதலில் எதைத் தூக்கினாய், எதை விட்டாய்? சிலிண்டர், ரேஷன் கார்டு, பீரோவின் கீழ்த்தட்டு, குழந்தையின் ஸ்கூல் பை. பதில் வந்ததும் சரணம் அநேகமாகத் தயார்:

ரேஷன் கார்டு நனையலடா, தலையில தூக்கி வச்சேன்
ரேஷன் கார்டு நனையலடா, தலையில தூக்கி வச்சேன்
அம்மாவோட தையல் மிஷின தண்ணியில வுட்டேன்

காந்தாரம் இருக்கும் இடம்

பாடும்போது ஒரு சுரத்தில் கவனம் வேண்டும். புளூஸ் பாடுகிறவர்கள் காந்தாரத்தைச் சாதாரணத்திலும் வைக்க மாட்டார்கள், அந்தரத்திலும் வைக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் உராய்ந்துகொண்டே போவார்கள். நிஷாதத்திலும் இதே வேலை. ஆர்மோனியத்தில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. தொண்டையில்தான் வரும், கம்பியைத் தேய்த்தால் வரும், டிரம்பெட்டில் வால்வைப் பாதி அமுக்கினால் வரும். ஒப்பாரி வைக்கும் பெண்களின் குரல் அழுகையில் வழுக்கும்போது அந்த இடத்தைத் தொட்டுவிட்டுப் போவதை எத்தனையோ வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

வார்த்தையே வேண்டாம் என்று தோன்றும் சரணமும் வரும். பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டல்லாஸில் பதிவு செய்த 'டார்க் வாஸ் தி நைட்' பாட்டில் முனகல் மட்டும்தான், ஒரு வார்த்தைகூட இல்லை. 1977இல் வாயேஜர் விண்கலத்தோடு அனுப்பிய தங்கத் தட்டில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பாட்டில் ஒரு சரணத்தை ம்ம் போட்டே கடத்திப் பாருங்கள். வார்த்தை கிடைக்காத சரணத்துக்கு வலிந்து வார்த்தை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நீளமும் பதிவும்

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். நிமிடத்துக்கு 80 அடி என்ற நடையில் 12 பார் சரணம் ஒன்று 36 விநாடி ஓடும். அப்படியானால் ஐந்து சரணம். அதில் ஒன்றை வாத்தியத்துக்குக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு நான்கு. எட்டு சரணம் எழுதிக்கொண்டு வந்தால் நான்கை வெட்டுங்கள். பெரும்பாலும் முதலாவதும் கடைசியும்தான் வெட்டப்பட வேண்டியவை. ஒன்று முன்னுரை சொல்லும், மற்றது புத்தி சொல்லும்.

பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டாம். 1925 வரைக்கும் அவர்களுக்கு மைக்கே கிடையாது. பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று பாடுவார்கள், சத்தத்தின் வேகத்தில் ஊசி மெழுகில் வெட்டும். 1923 ஏப்ரலில் கார்னெட்காரர் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் கம்பெனியில் இப்படித்தான் பதிவு செய்தது. டிரம் சத்தத்தில் ஊசி துள்ளிவிடும் என்று டிரம்மர் பேபி டாட்ஸ் மரக்கட்டையில் தட்டினார். இளைஞர் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்ற எல்லோரையும் அமுக்கியதால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்களாம். ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. வண்டி வந்தால் பதிவு நிற்கும்.

வியாசர்பாடி ஜீவாவிலோ பேசின் பிரிட்ஜ் பக்கமோ குடியிருப்பவர்களுக்கு இதில் சொல்லித்தர ஏதும் இல்லை. ஒரு யூனிட் வண்டிக்கும் (மின்சார ரயில்) அடுத்த வண்டிக்கும் நடுவே மூன்று நிமிடம் கிடைக்கும். போனைப் பாடுகிறவரின் மார்பு உயரத்தில், ஒரு முழம் தள்ளி வையுங்கள். தோலக்காரர் பாய் மேல் உட்கார்ந்து, வலந்தலை போனைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளட்டும். டிரம்பெட் இருந்தால் அறைக்கு வெளியே, வாசல்படியில். சத்தத்தை அடக்க வேண்டுமானால் மணிவாயில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்து மூடித் திறக்கலாம். கிங் ஆலிவரே கப், பாட்டில், வாளி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாட்டித்தான் கார்னெட்டைப் பேசவைத்தார். ஒருவர் மட்டும் அதிகமாகக் கேட்கிறது என்றால் அவரை ஓரடி நகர்த்துங்கள். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இரண்டு டேக் எடுங்கள். புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆகிய இரண்டு வருடத்தில் பதிவு செய்தது 29 பாட்டுகள்தான். அவற்றில் சிலவற்றுக்கு இரண்டு டேக் மிச்சமிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடை மாறியிருக்கும், சில வரியும் மாறியிருக்கும். அதே மாதிரி உங்கள் இரண்டாவது டேக்கில் எந்த வார்த்தை தானாக மாறியது என்று பாருங்கள். நாக்கு மாற்றிய வார்த்தையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நோட்டில் இருப்பதை அடித்துவிடலாம்.

கடைசியாக உரிமை. ஹேண்டி 1912இல் தன் 'மெம்ஃபிஸ் புளூஸ்' பாட்டின் உரிமையைச் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டார். பாட்டு ஊரெல்லாம் ஓடியது, காசெல்லாம் உரிமையை வாங்கியவனுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாட்டைத் தன் சொந்தப் பதிப்பகத்தில் போட்டார். கானாக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. தெருவில் பாடிய மெட்டு வேறு பெயரில் எங்கேயோ கேட்கும், சண்டை போடக் கையில் ஒன்றும் இருக்காது. நம் நாட்டில் 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே அறிவிப்பார். தட்டில் அது இன்றும் கேட்கிறது. நீங்களும் கடைசி அடி விழுந்ததும் ரெக்கார்டிங்கை நிறுத்தாமல், எழுதியவர் பெயர், மெட்டுப் போட்டவர் பெயர், வாசித்தவர்கள் பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். அந்த ஃபைலை அன்று ராத்திரியே வாசித்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, உங்களுக்கும் ஒரு மெயில் போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு பாட்டை வெளியே பாடலாம்.